யு-பூட் அமைப்புகள் கெட்டிருக்கின்றனவா? நாமே பார்த்துவிடலாம்

ரவுட்டர் போன்ற கருவிகளில் லினக்ஸ் எழுவதற்கு முன்பே யு-பூட் என்ற துவக்க நிரல் எழுந்துவிடும். எந்தக் கர்னலை ஏற்றுவது, எத்தனை நொடி காத்திருப்பது போன்ற விவரங்களை அது ஃபிளாஷ் மெமரியின் ஒரு மூலையில் எழுதி வைத்திருக்கும். அந்த விவரங்கள் பழுதில்லாமல் இருக்கின்றனவா என்று பார்க்கும் வழி இது.

கருவிக்குள் ரூட்டாக நுழைந்து, 'ப்ராக்' அடைவிலுள்ள 'எம்டிடி' கோப்பைப் பாருங்கள். ஃபிளாஷின் பகுதிகள் பெயரோடு வரும். 'யு-பூட்-என்வ்' என்பதுதான் பெரும்பாலும் நாம் தேடுவது. 'டிடி' கட்டளையால் படியெடுத்துக் கணினிக்குக் கொண்டுவாருங்கள். சோதனையெல்லாம் இந்தப் படியில்தான்.

ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் 4 பைட், பழுதைக் கண்டறிய உதவும் சிஆர்சி-32 மதிப்பு. பிறகு 'பெயர்=மதிப்பு' ஜோடிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பூஜ்ய பைட்; கடைசியில் இரண்டு பூஜ்யம். எழுத்துகள் 6-வது பைட்டில் தொடங்கினால் அந்தக் கருவி இரண்டு படிகள் வைத்திருக்கிறது என்று பொருள். 5-வது பைட், எது புதியது என்று சொல்லும் கொடி. புதிய மாற்றம் எப்போதும் பழைய படியின் இடத்தில்தான் எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனாலும் மற்றது பிழைத்திருக்கும். நல்ல ஏற்பாடு, எல்லாத் தயாரிப்பாளர்களும் இதைச் செய்வதில்லை என்பதுதான் வருத்தம்.

அடுத்து, தலைப்பு பைட்டுகளை வெட்டிவிட்டு மீதிக்கு பைத்தானின் 'இசட்லிப்' வழியாக சிஆர்சி-32 கணக்கிடுங்கள். பலர் இங்கேதான் தடுமாறுவார்கள். இரட்டைப் பூஜ்யத்தோடு நிறுத்தக்கூடாது. அதற்குப் பின்னுள்ள வெற்று பைட்டுகளும் கணக்கில் சேர்த்தி. பகுதி 64 கேபி இருந்தாலும் யு-பூட் பயன்படுத்துவது அதைவிடக் குறைவாக இருக்கலாம். அந்த அளவுதான் செல்லும். லிட்டில் எண்டியன் சிப்பில் 12345678 என்ற விடை ஃபிளாஷில் 78 56 34 12 என்று கிடக்கும்.

இந்த விடை முதல் 4 பைட்டோடு பொருந்தாவிட்டால் யு-பூட், எச்சரித்துவிட்டு, தன்னுள் பொதிந்த இயல்பு மதிப்புகளை எடுத்துக்கொள்ளும். புதிய போர்டில் இந்த எச்சரிக்கையைக் கண்டு பதற வேண்டாம். ஒருமுறைகூடச் சேமிக்கப்படவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, சிஆர்சி பழுதைத்தான் பிடிக்கும், விஷமத்தை அல்ல. மதிப்பை மாற்றுபவன் சிஆர்சியையும் மாற்றிவிடலாம்.

மாற்றம் செய்ய லினக்ஸிலிருந்தே 'எஃப்டபிள்யூ-செட்என்வ்' உண்டு. அதற்கு முன் 'எஃப்டபிள்யூ-பிரிண்ட்என்வ்' ஓட்டுங்கள். அது சிஆர்சி தவறு என்றால், இந்தக் கட்டளைகளின் அமைப்புக் கோப்பிலுள்ள தொடக்க இடத்தையும் அளவையும் சரிபார்க்காமல் எழுதவே கூடாது. எழுதினால், இயல்பு மதிப்புகள் தவறான இடத்தில் போய் உட்கார்ந்து, அங்கே இருந்ததை அழித்துவிடும்.