மேலே நான்கு வசனம், கீழே நான்கு வசனம்

விவாதத்தில் எதிரில் இருப்பவர் ஒரு வசனத்தைச் சொன்னால் நான் பதில் வசனம் தேடுவதில்லை. "புத்தகத்தைத் திறப்போமா?" என்று கேட்பேன். அந்த வசனத்துக்கு முன்னால் பேச்சு எங்கே தொடங்குகிறதோ, அங்கிருந்து அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்வேன். பாதிச் சண்டை அந்த வாசிப்பிலேயே அடங்கிவிடும். மீதிப் பாதி அப்போதுதான் உருப்படியாகத் தொடங்கும்.

ஆனால் இதை அடுத்தவர் வசனத்தில் செய்வதற்கு முன், நமக்குப் பிடித்த வசனத்தில் செய்து பார்த்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் புது வீட்டுக்குக் குடிபோனாலும் கடை திறந்தாலும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் ஏறும் வசனம் யோபு 8:7. ஆரம்பம் சிறியதாக இருந்தாலும் முடிவு பெரிதாக அமையும் என்பது அதன் கருத்து. அதைச் சொன்னது கடவுள் அல்ல, யோபின் நண்பன் பில்தாத். கேட்டுக்கொண்டிருந்தவர் ஏழு மகன்களையும் மூன்று மகள்களையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டுச் சாம்பலில் உட்கார்ந்திருந்த தகப்பன். அந்தப் பிள்ளைகள் இறந்தது வீடு இடிந்து விழுந்து. அதே அதிகாரத்தின் நான்காம் வசனத்தில் பில்தாத், உன் பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் அதற்கான பலனை அடைந்தார்கள் என்று சொல்கிறான். ஐந்திலும் ஆறிலும் நீ மட்டும் சுத்தமானவனாக இருந்தால் என்று நிபந்தனை வைக்கிறான். அதன் பிறகுதான் ஏழாம் வசனம் வருகிறது.

ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் இந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தோம். நான்காம் வசனம் வந்ததும், சில வருஷங்களுக்கு முன் மகனை இழந்த ஓர் அக்கா, "எனக்கும் இதையேதான் சொன்னாங்க" என்றார். அவர் அதற்கு மேல் பேசவில்லை. யோபு புத்தகம் எதற்காக எழுதப்பட்டது என்பது அன்று அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்தது. கடைசி அதிகாரத்தில் (42:7) யோபின் நண்பர்கள் தம்மைப்பற்றிச் சரியானதைப் பேசவில்லை என்று கடவுளே கோபப்படுகிறார். அந்தக் கோபத்தைத் தெரிந்துகொள்ளாமல் 8:7-ஐ மட்டும் எடுத்தால், அந்த அக்காவைப் புண்படுத்தியவர்கள் பக்கம் நாம் போய் நிற்கிறோம்.

இதை வைத்து, நண்பர்கள் பேசியதெல்லாம் தள்ள வேண்டியது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. யோபு 5:13-இல் எலிப்பாஸ் சொன்னதைப் பவுல் 1 கொரிந்தியர் 3:19-இல் வேதவாக்காகவே எடுத்தாளுகிறார். பொதுவாக உண்மையான ஒரு சொல் தவறான ஆளிடம் தவறான நேரத்தில் சொல்லப்பட்டால் பொய்யாகிவிடும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். யார் பேசுகிறார், யாரிடம், எந்த நிலைமையில் என்று வசனத்துக்கு வசனம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்தப் பழக்கம் நமக்குக் கடினமாக இருப்பதற்கு அச்சுப் புத்தகமும் ஒரு காரணம். இன்றைய அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தது என்பார்கள். புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்களை 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் போட்டார். பவுல் எழுதியது முழுக் கடிதம். வாங்கிய சபையும் அதை முழுக் கடிதமாகவே வாசித்துக் கேட்டது. ஏசாயா 53-ஐப்பற்றி விவாதிக்கிறவர்கள் பெரும்பாலும் 53:1-இல் தொடங்குகிறார்கள். அந்தப் பாட்டு தொடங்குவதோ 52:13-இல். எண் வந்த இடத்தில் பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கமான இஸ்லாமிய நண்பர் ஒருவர் உண்டு. மதம் பேசினாலும் மனம் கோணாமல் பேசக்கூடியவர். ஒருநாள் லூக்கா 19:27-ஐக் காட்டி, எதிரிகளைத் தம் கண்முன் வெட்டச் சொன்னவர் எப்படிச் சமாதானப் பிரபு ஆவார் என்று கேட்டார். 11-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொன்னேன். அது இயேசு சொல்லும் ஓர் உவமை. வெட்டச் சொல்வது கதையில் வரும் ராஜா. எருசலேமை நெருங்கிவிட்டதால் ராஜ்யம் உடனே வந்துவிடும் என்று கூட்டம் நினைத்ததால்தான் இந்தக் கதை என்று லூக்காவே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். ராஜ்யம் வாங்கத் தூரதேசம் போன பிரபு, அவன் எங்களுக்கு வேண்டாம் என்று பின்னாலேயே ஆள் அனுப்பிய குடிமக்கள் என்பதெல்லாம் அந்தக் காலத்துக் கேட்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஏரோது இறந்த பின், கி.மு. 4-இல், அவன் மகன் அர்கெலாயு ரோமாபுரிக்குப் போனதும், யூதர்கள் எதிர்த்துத் தூது அனுப்பியதும் யோசேப்பஸ் எழுதிய வரலாற்றில் இருக்கிறது. இதே லூக்காவில், சமாரியர் ஊர்மேல் அக்கினி இறங்கட்டும் என்று கேட்ட சீஷர்களை இயேசு அதட்டுகிறார் (9:54-55).

நண்பர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் கதையில் நியாயத்தீர்ப்பின் எச்சரிக்கை இருக்கிறதே என்றார். இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. உவமை என்று காட்டிவிட்டதால் அதன் கூர்மை போய்விடாது.

பிறகு அவர், "உங்க ஆட்கள் தவ்பா அத்தியாயத்துல அஞ்சாவது வசனத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் பேசுறாங்களே" என்றார். உண்மைதான். எங்கள் சபைகளிலும், இணைவைப்போரைக் கொல்லச் சொல்லும் அந்த ஒரு வசனத்தை வைத்துக் குர்ஆனையே முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவரிடமிருந்த தமிழ் மொழிபெயர்ப்பில் நான்கு, ஐந்து, ஆறு மூன்றையும் சேர்த்து வாசித்தோம். உடன்படிக்கையை மீறாதவர்களுக்கு நான்காவது விலக்குத் தருகிறது. இணைவைப்போரில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, இறைவாக்கைக் கேட்க விட்டு, பத்திரமான இடத்தில் சேர்த்துவிடச் சொல்கிறது ஆறாவது. என் புத்தகத்தை முன்பின் பார்த்து வாசி என்று அவரிடம் கேட்கிற நான், அவர் புத்தகத்தை அப்படி வாசிக்காவிட்டால் அந்தக் கோரிக்கையில் நேர்மை இல்லை. மாற்று மதத்தாரோடு பேசப் போகும் கிறிஸ்தவ இளைஞர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றைத்தான்.

இன்னொரு எச்சரிக்கை. "சந்தர்ப்பத்தைப் பாருங்கள்" என்பது சங்கடமான வசனத்திலிருந்து தப்பிக்கும் சந்தாகவும் ஆகிவிடுகிறது. குழந்தைகளைக் கல்லில் மோதுவதைப் பேசும் சங்கீதம் 137-இன் கடைசி வசனத்தைப்பற்றி ஒரு கல்லூரி மாணவன் கேட்டான். அது கட்டளை அல்ல, எருசலேம் இடிபட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் கதறல். முற்றுகையில் அவர்கள் பிள்ளைகள் பட்ட பாட்டைப் புலம்பல் புத்தகத்தில் வாசித்தால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். இதுவரை சந்தர்ப்பம் துணை நிற்கிறது. அவன் விடவில்லை, 1 சாமுவேல் 15:3-க்குப் போனான். அங்கே அமலேக்கியரின் குழந்தைகளையும் கொல்லச் சொல்வது கட்டளையாகவே இருக்கிறது. யாத்திராகமம் 17, பின்தங்கிய பலவீனரை அமலேக்கு வெட்டியதைச் சொல்லும் உபாகமம் 25 எல்லாம் காரணத்தைச் சொல்கின்றன. குழந்தைகள் ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நிற்கிறது என்று அவனிடம் சொன்னேன். சந்தர்ப்பம் சில வசனங்களை இன்னும் கனமாக்கும். அந்தக் கனத்தை மறைக்கிறவர் மறுமுறை பேசும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

விசுவாசமா, கிரியையா என்ற பழைய வழக்கு எங்கள் குடும்பத்துக்குள்ளேயே உண்டு. நாங்கள் சி.எஸ்.ஐ. சித்தி வீட்டார் ஆர்.சி. என்பதால் சித்தப்பாவும் கல்யாணத்துக்குப் பின் ஆர்.சி. கோவிலுக்குத்தான் போகிறார். வேதத்தை அவர் அளவுக்கு வாசிக்கிறவர்கள் எங்கள் சபையில் குறைவு.

"ஏல, யாக்கோபு ரெண்டு இருபத்திநாலை வாசி. அப்புறம் ரோமருக்குப் போ" என்பார்.

"வாசிக்கேன் சித்தப்பா. பதினாலுல இருந்து வாசிக்கட்டா?"

பதினாலிலிருந்து வாசித்தால், உடுக்கத் துணியும் அன்றைய சோறும் இல்லாதவனைச் சமாதானமாய்ப் போ என்று வெறுங்கையோடு அனுப்புகிற ஒருவன் யாக்கோபின் கண்முன் நிற்கிறான். அவனிடம்தான் உன் விசுவாசம் செத்தது என்கிறார். ரோமர் 3-இலும் 4-இலும் பவுலின் முன்னால் நிற்பது வேறொரு ஆள்: விருத்தசேதனம் இல்லாத புறஜாதியான். இவனும் ஆபிரகாமின் பிள்ளையாக முடியுமா என்பது அங்கே கேள்வி.

இருவரும் ஆதியாகமம் 15:6-ஐத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். இதை விளக்கக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு ஒரு கோடு கிழித்தோம். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது. கடவுள் அவரை நீதிமானாக எண்ணியது அதற்கு முன். விருத்தசேதனம் 99-இல். ஈசாக்கு பிறந்தது 100-இல். மோரியா மலைக்குப் போனது அதற்கும் பிறகு. பவுல் கோட்டின் முதல் புள்ளியில் விரல் வைத்து, இன்னும் விருத்தசேதனமே நடக்கவில்லை பார் என்கிறார். யாக்கோபு கடைசிப் புள்ளியைத் தொட்டு, அந்த விசுவாசம் எங்கே போய் நின்றது பார் என்கிறார். சித்தப்பா அந்தத் தாளை மடித்துத் தன் விவிலியத்துக்குள் வைத்துக்கொண்டார்.

இது வீட்டுச் சமாதானம் மட்டும் அல்ல. 1522-இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று சொன்னவர் லூத்தர். அவர் வழிவந்த லூத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில், நீதிமானாக்கப்படுதலைப்பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டதாக அது சொல்லவில்லை. அடிப்படையில் ஒத்துப்போகிறோம் என்கிறது. இருதரப்பும் வருஷக்கணக்கில் ஒரே மேசையில் உட்கார்ந்து வாசித்ததன் பலன் அது.

உத்தரிக்கிற ஸ்தலத்தில் சித்தப்பாவும் நானும் இன்னும் ஒத்துவரவில்லை. அவர் 1 கொரிந்தியர் 3:15-ஐ எடுக்கிறார், நான் மறுக்கிறேன். இந்த முறை, பவுல் யார், அப்பொல்லோ யார் என்று பவுல் கேட்கும் ஐந்தாம் வசனத்திலிருந்து தொடங்குவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.