பண்டிகை நாளில் வாசலுக்கு வரும் அன்பும் கீமோதெரபி பெறுவோரின் பாதுகாப்பும்

தீபாவளி நெருங்கும் வாரங்களில் புறநோயாளிப் பிரிவில் எங்களிடம் தயக்கத்துடன் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு. "பலகாரத் தட்டுடன் அக்கம்பக்கத்தார் வருவார்கள். உள்ளே வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?" என்பதே அது. இது மருத்துவம் சார்ந்த வினாவே என்று நாங்கள் கருதுகிறோம்.

எச்சரிக்கை ஏன் தேவை?

கீமோதெரபி மருந்துகள் புற்றுநோய்ச் செல்களுடன் எலும்பு மஜ்ஜையையும் பாதிக்கின்றன. கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் இரத்தத்தில் நீண்ட நேரம் வாழ்வதில்லை. புதியவை உருவாகாதபோது அவற்றின் எண்ணிக்கை விரைந்து சரிகிறது. பல சிகிச்சை முறைகளில், மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் இச்சரிவு மிகுதியாக இருக்கும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500க்கும் கீழே எண்ணிக்கை இறங்கினால், எளிய தொற்றும் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

"எங்களுக்குச் சளி இல்லையே" என்று வருவோர் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும், இன்ஃப்ளுயன்சா காய்ச்சல் அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே பிறருக்குப் பரவக்கூடியது.

மனம் நோகாமல் மறுப்பது எப்படி?

முதலாவதாக, பண்டிகைக்குச் சில நாள்கள் முன்பே தொலைபேசியில் தெரிவித்துவிடுங்கள். முன்னரே அறிந்த மறுப்பு, வாசலில் கேட்கும் மறுப்பைப் போல் வருத்துவதில்லை.

இரண்டாவதாக, நோயாளியைப் பேசவைக்காமல் பராமரிப்பவரே பேசுங்கள். காரணத்தை மருத்துவர்மேல் சுமத்துங்கள். நாங்கள் அதை மகிழ்ச்சியுடன் ஏற்போம்.

மூன்றாவதாக, மறுக்கும்போதே வேறொரு நாளைக் குறிப்பிடுங்கள். அடுத்த முறை மருந்து ஏற்றுவதற்கு முந்தைய நாள்களில் அணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் மீண்டிருக்கும். பரிசோதனை முடிவைப் பார்த்து, ஏற்ற நாளை உங்கள் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். பிறகு இவ்வாறு கூறலாம்:

"வாங்கக்கா. அவருக்குப் போன வாரம்தான் மருந்து ஏத்தினாங்க. இப்போதைக்கு யாரும் பக்கத்துல போக வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை பார்த்துட்டு நானே கூப்பிடறேன், கண்டிப்பா வரணும்."

இங்கே மறுக்கப்படுவது அந்த ஒரு நாள் மட்டுமே. உறவு மறுக்கப்படவில்லை என்பது வந்தவருக்கு விளங்கிவிடும்.

தட்டை என்ன செய்வது?

தட்டை மறுக்க வேண்டியதில்லை. வாசலிலேயே வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் சிறிது சர்க்கரையோ பழமோ வைத்துத் திருப்பிக் கொடுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்கள் பலகாரத்தை உண்ணலாம். வெளியில் நெடுநேரம் இருந்த பால் இனிப்புகளை நோயாளிக்குக் கொடுக்க வேண்டாம். வாசலிலிருந்து திரும்பியதும் சோப்பு போட்டு 20 விநாடிகள் கை கழுவிய பின்னரே நோயாளியிடம் செல்லுங்கள். ஆசி பெற வரும் குழந்தைகளை நோயாளி சன்னல் வழியாகவோ காணொளி அழைப்பிலோ வாழ்த்தலாம்.

காய்ச்சல் வந்தால்

இத்தனை கவனத்திற்குப் பின்னும் காய்ச்சல் வரக்கூடும். அப்போது, "யார் வந்து போனதால் இது வந்தது?" என்று தேடாதீர்கள். எதிர்ப்புச் சக்தி குன்றிய நிலையில் ஏற்படும் தொற்றுகளில் பல, நோயாளியின் குடலிலும் தோலிலும் ஏற்கெனவே உள்ள கிருமிகளால் உண்டாகின்றன. அண்டை வீட்டாரைக் குறை கூறுவதால் பயனில்லை, தாமதமே பெருந்தீங்கு.

உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அல்லது குளிர்நடுக்கம் கண்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். கீமோதெரபி பெறுபவர் என்பதை வந்தவுடன் தெரிவியுங்கள். பண்டிகை முடியட்டும் என்று ஒரு மணி நேரமும் பொறுக்க வேண்டாம்.