பழைய மோட்டார்ஹோம்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

பிரிட்டனில் பழைய மோட்டார்ஹோம் விற்பவர்கள் விளம்பரத்தின் முதல் வரியிலேயே மைலேஜைப் போட்டுவிடுவார்கள். ‘இருபது வருட வண்டி, முப்பதாயிரம் மைல்தான் ஓடியது’ என்று படித்தால் யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் அந்த வண்டி இருபது வருடத்தில் பெரும்பகுதி எங்கோ மழையில் நின்றே கழித்திருக்கிறது என்பதும் அதே வரியில்தான் இருக்கிறது. எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் எந்த வேன் மெக்கானிக்கும் கை வைக்கக்கூடியவை, பாகங்களும் கிடைக்கும். கூரை மூலையில் புகுந்த தண்ணீர் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தை அரித்துவிட்டால், செலவு வண்டியின் விலையையே தாண்டிவிடலாம். எனவே முதலில் பார்க்க வேண்டியது உடம்பு, எஞ்சின் அப்புறம்தான். அதற்கும் முன்னால், வண்டியைப் பார்க்கக் கிளம்பாமலே தீர்க்க வேண்டியவை சில உண்டு.

வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டியவை

முதலாவது லைசென்ஸ். 1997 ஜனவரி 1க்கு முன் பிரிட்டனில் கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்கு சி1 பிரிவும் சேர்ந்தே கிடைத்தது. 7,500 கிலோ வரை ஓட்டலாம். அதற்குப் பின் பாஸ் செய்தவர்களுக்கு, பழைய டீசல் வண்டிகளைப் பொறுத்தவரை, 3,500 கிலோதான் எல்லை. எண்பதுகளில் வந்து டெஸ்ட் பாஸ் செய்த அப்பா ஓட்டும் வண்டியை, இங்கேயே பிறந்த மகன் ஓட்ட முடியாத நிலை பல வீடுகளில் உண்டு. அப்பாவும் 70 வயதில் சி1ஐத் தக்கவைக்க மருத்துவப் பரிசோதனை செய்து படிவம் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது எடை. 3,500 கிலோ என்று தகட்டில் பொறித்திருக்கும் எண், ஆளும் சாமானும் ஏறிய பின் தாண்டக்கூடாத எல்லை. வெறும் வண்டியே 3,100 கிலோ இருந்தால் மிச்சம் 400. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் 100 கிலோ, மூன்று பெரியவர்கள் ஏறினால் 200க்கு மேல், சைக்கிளும் வெளிப்பந்தலும் சேர்ந்தால் கதை முடிந்தது. பழைய கையேடுகள் ‘வெற்று எடை’யை ஆளுக்கொரு கணக்கில் எழுதியவை. அவற்றை நம்பாமல் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதே சரி.

மூன்றாவது லண்டன். புகை கக்கும் வண்டிகளுக்குக் கட்டணம் வசூலிக்கும் யூலெஸ் வலயம் 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லா லண்டன் பரோக்களையும் உள்ளடக்கிவிட்டது. ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் எல்லாம் உள்ளே. வாட்ஃபோர்டும் ஸ்லோவும் வெளியே. டீசல் என்றால் யூரோ 6 வேண்டும். அது பெரும்பாலும் 2015, 2016க்குப் பிந்தைய வண்டிகளில்தான் இருக்கும். இல்லையென்றால் 3,500 கிலோ வரையுள்ள வண்டிக்கு, ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. அதற்கு மேற்பட்ட எடைக்கு வேறு விதி. கட்டணம் 100 பவுண்டிலிருந்து தொடங்கும். நாள் நள்ளிரவில் மாறும் என்பதால், வெள்ளி இரவு பதினொன்றரைக்குக் கிளம்பிப் பன்னிரண்டு தாண்டியும் வலயத்துக்குள் இருந்தால் இரண்டு நாள் கட்டணம். நிறுத்தி வைத்திருப்பதற்குக் காசில்லை. நாற்பது வயது கடந்து ‘ஹிஸ்டாரிக்’ வரிப் பிரிவில் பதிந்த வண்டிக்கு விலக்கு உண்டு.

நிறுத்துமிடத்தையும் பார்த்துவிடுங்கள். பல எஸ்டேட்டுகளில் வீட்டுப் பத்திரமே டிரைவ்வேயில் கேரவன் நிறுத்தக்கூடாது என்கிறது. எம்25க்கு வெளியே வண்டி நிறுத்தும் யார்டு ஒன்றில் மாத வாடகை கட்டினால் இந்தப் பிரச்சினையும் யூலெஸ் பிரச்சினையும் சேர்ந்தே தீரும். அந்த வாடகையை விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

நான்கு வகை உடம்பு

பேனல் வேன்: சாதாரண டெலிவரி வேனின் இரும்புக் கூட்டுக்குள் படுக்கையும் அடுப்பும் வைத்தது. இணைப்பு குறைவு, ஆகவே ஒழுகுவதும் குறைவு; எதிரி துருதான். கிராமத்துச் சாலையில் காரைப் போல ஓட்டலாம். இடம் இரண்டு பேருக்கு.

லோ-புரொஃபைல்: ஓட்டுநர் அறைக்குப் பின்னால் தனியாகக் கட்டிய பெட்டி; முன்னே தாழ்ந்த கூரை. உள்ளே தாராளம். ஆனால் சுவரும் கூரையும் சந்திக்கும் ஒவ்வொரு விளிம்பும் சீலன்ட்டை நம்பியே நிற்கிறது.

ஓவர்கேப்: ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் குடும்ப வண்டி. குழந்தைகளுக்குப் பிடித்தது, மழைக்கும் பிடித்தது. அந்தத் துருத்தலின் முன்விளிம்பும் பக்க ஜன்னலும்தான் முதலில் ஒழுகும் இடங்கள்.

ஏ-கிளாஸ்: முகப்பு உட்பட முழு உடம்பும் தனியாகக் கட்டியது. ஜெர்மன் ஹைமர் இதற்குப் பேர் போனது. நுரைப்பொருளை அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வைத்த அதன் சுவர், மரச்சட்டச் சுவரைவிட ஈரத்தைத் தாங்கும். முன் கண்ணாடி உடைந்தால் மட்டும் தேடி அலைய வேண்டும்.

இவற்றோடு, ஆட்டோ-ஸ்லீப்பர்ஸ் நிறுவனத்தின் சில பழைய மாடல்களில் உடம்பு ஒரே வார்ப்பில் செய்த கண்ணாடியிழை. விளிம்பு இணைப்பே இல்லாததால், வயதான வண்டிகளில் உலர்ந்தவை தேடுவோர் இவற்றைக் கேட்டு வாங்குகிறார்கள்.

‘ஆறு பேர் படுக்கலாம்’ என்ற வாசகத்தில் ஏமாற வேண்டாம். எத்தனை பேர் பயணம் செய்யலாம் என்பதைச் சொல்வது சீட் பெல்ட். ஆறு படுக்கை வண்டியில் நாலே பெல்ட், சிலவற்றில் முன்னே இரண்டு மட்டும் என்பது சகஜம். பக்கவாட்டு இருக்கையில் குழந்தை சீட் பொருத்தக்கூடாது. பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள் என்றால் பெல்ட்டை எண்ணிவிட்டே விலை பேசுங்கள்.

அடியில் எந்த வேன்?

பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது ஃபியட் டுகாட்டோ, அல்லது இத்தாலியின் அதே தொழிற்சாலையில் பிறந்த பியூஜோ பாக்ஸர். 2000க்குப் பின் வந்த 2.8 ஜேடிடி எஞ்சினுக்கு நல்ல பெயர். 2006இல் வந்த அடுத்த தலைமுறை ஓட்டுவதற்கு இன்னும் சுகம். ஆனால் தொடக்க ஆண்டு வண்டிகளில் இரண்டு குறை. மேட்டில் ரிவர்ஸ் எடுத்தால் வண்டியே குலுங்கும். முன் கண்ணாடிக்குக் கீழிருந்து மழைத்தண்ணீர் எஞ்சின் மேல் சொட்டும். ஓட்டிப் பார்க்கும்போது மேடான ஒரு சந்தில் பின்னால் ஏற்றிப் பாருங்கள். பானட்டைத் திறந்து இன்ஜெக்டர் பக்கம் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் பின்சக்கர இழுவை என்பதால், டுகாட்டோ சிக்கித் தவிக்கும் ஈரப்புல் முகாமிலும் வெளியே வந்துவிடும். எஞ்சின் நீண்டு உழைக்கும். 1995 முதல் 2006 வரை வந்தவற்றைத் துருதான் முடிக்கிறது. சக்கர வளைவையும் கதவு அடியையும் தட்டிப் பாருங்கள். ஃபோர்டு டிரான்சிட்டுக்குப் பாகங்கள் மலிவு, எந்த ஊரிலும் ஆள் கிடைக்கும்.

கேம் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் மைலை விட்டுவிட்டு வருடத்தை எண்ணுங்கள். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்து அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

ஈரம் பார்க்கும் முறை

வண்டிக்குள் ஏறியதும் பேசாமல் மூக்கைப் பயன்படுத்துங்கள். ஊதுபத்தி, வாசனை ஸ்பிரே மணம் தூக்கலாக இருந்தால் எதை மறைக்கிறார்கள் என்று யோசியுங்கள். மேலே உள்ள லாக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பின்மூலையில் கூரையும் சுவரும் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உலர்ந்த சுவர் விரலை எதிர்க்கும். உளுத்த சுவர் உள்வாங்கும், சுவர்க்காகிதம் சுருங்கும். ஜன்னல்களின் கீழ்மூலை, கூரைத் திறப்பின் சுற்று, பின்சுவர் விளக்குக்கு உள்பக்கம், கழிப்பறைத் தரை ஆகியவற்றையும் இப்படியே பாருங்கள்.

அப்புறம் ஈரமானி. சிறியது அதிக விலையில்லை. பொதுவாக 15 சதவீதத்துக்குக் கீழ் என்றால் நல்லது; 15 முதல் 20 வரை கண்காணிக்க வேண்டியது; 20க்கு மேல் தண்ணீர் எங்கோ புகுகிறது; 30க்கு மேல் மரம் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். பல நாள் வெயிலுக்குப் பின் எடுத்த குறைந்த அளவை நம்பிவிடாமல், முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

வாசலருகே தரை மெத்தென்று அமுங்கி நெரிந்தால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் தரைப்பலகையின் அடுக்குகள் பிரிவது. துளையிட்டுப் பசை செலுத்திச் சரிசெய்யலாம். சுவர் உளுத்தது வேறு, தரை அடுக்கு பிரிந்தது வேறு. முன்னதற்கு வெளியேறுங்கள், பின்னதற்குப் பேரம் பேசுங்கள்.

விற்பவரிடம் முதல்நாளே இரண்டு வேண்டுகோள் வையுங்கள்: எஞ்சினைச் சூடாக்காமல் வைக்கச் சொல்லுங்கள்; ஃபிரிட்ஜை முதல் இரவே கேஸில் ஓட விடச் சொல்லுங்கள். அந்த ஃபிரிட்ஜ் குளிர மணிக்கணக்கில் ஆகும். ‘போட்டால் வேலை செய்யும்’ என்ற பேச்சுக்கு மதிப்பில்லை. டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நின்றே கிடந்த வண்டியின் டயரில் பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருக்கும்.

வருடாந்திர எம்ஓடி சோதனை வரலாற்றை அரசின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். துரு பற்றிய எச்சரிக்கைகள் வருடா வருடம் எப்படி வளர்ந்தன என்று அதில் தெரியும். ஆனால் எம்ஓடியில் கேஸ் குழாயையோ சுவர் ஈரத்தையோ யாரும் சோதிப்பதில்லை. அதற்குத் தனியாக ‘ஹாபிடேஷன் செக்’ உண்டு. அதன் பழைய அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள்.

யாரிடம் வாங்குவது?

டீலரிடம் விலை கூடும்; பதிலுக்கு 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். பெரிய குறை இருந்தால் முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். வாரண்டித் தாளில் ஈரக்கசிவு சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் படித்துவிடுங்கள். தனியாரிடம் விலை இறங்கும், பாதுகாப்பும் இறங்கும். வி5சி பதிவுப் பத்திரத்தில் உள்ள முகவரியிலேயே வண்டியைப் பாருங்கள். ஜெர்மனியிலிருந்து வந்த இடப்பக்க ஸ்டியரிங் வண்டி, அதே தரத்தில் மலிவாகக் கிடைக்கும். ஐரோப்பாவில் சுற்றுபவர்களுக்கு அது வசதி; இங்கேயே ஓட்டுபவர்களுக்கு வாசல் சாலைப் பக்கம் திறக்கும். வசந்தத்தில் எல்லோரும் தேடுவார்கள். அக்டோபர், நவம்பரில் விற்பவர்கள் இறங்கி வருவார்கள்.

வாங்கிய பின்

உறைபனிக்கு முன் தொட்டி, பாய்லர், குழாய் எல்லாவற்றிலும் தண்ணீரை வடித்துக் குழாய்களைத் திறந்தே விடுங்கள். மெத்தைகளைச் சுவரிலிருந்து விலக்கி நிமிர்த்தி வையுங்கள். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். குளிரில் புரொப்பேன் சிலிண்டரே வேண்டும். பியூட்டேன் பூஜ்ஜிய டிகிரி அருகிலேயே ஆவியாக மறுக்கும்.

வெளி விளிம்புகளை வருடம் ஒருமுறை ஏணி வைத்துப் பாருங்கள். வெடித்த சீலன்ட்டின் மேல் சிலிக்கோன் பூசுவது சோம்பேறி வைத்தியம். அதன் மேல் பிறகு எதுவும் ஒட்டாது. பழையதைச் சுரண்டி எடுத்து, மோட்டார்ஹோமுக்கென்றே உள்ள சீலன்ட் போடுங்கள்.

நம் சமையலுக்கு ஒரு எச்சரிக்கை. சோறு வடிக்கும் ஆவியும் ரசம் கொதிக்கும் ஆவியும் குளிர்ந்த சுவரில்தான் போய்ப் படியும். சமைக்கும்போது கூரைத் திறப்பைத் திறந்து வையுங்கள். குளிர்காற்று வருகிறதென்று தரையில் உள்ள சிறு துளைகளை அடைப்பவர்கள் உண்டு. கசிந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. அது வெளியேறும் வழியே அந்தத் துளைகள்தான். அவற்றை அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம் வேண்டும்.

முடிவாக

ஒரே விலையில் இரண்டு வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 2004 ஓவர்கேப், 28,000 மைல், மேல்படுக்கை மூலையில் ஈரம் 24 சதவீதம். மற்றது 2007 பேனல் வேன், 95,000 மைல், கேம் பெல்ட் முதல் எல்லா ரசீதும் கோப்பில். இரண்டு பேர் பயணம் என்றால் யோசிக்காமல் பேனல் வேன். நாலு பேர் குடும்பம் என்றால் அந்த ஓவர்கேப்பை விட்டுவிட்டு, 70,000 மைல் ஓடியிருந்தாலும் உலர்ந்த வேறொரு ஓவர்கேப் தேடுங்கள். கையிலுள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருட டயர், பெல்ட், பேட்டரிக்கு ஒதுக்கிவிட்டு மீதிக்கு வண்டி பாருங்கள். வருடத்தில் இரண்டு வாரம்தான் போவோம் என்று நேர்மையாகக் கணக்கிட்டால் வாடகை வண்டியே லாபம். ஈரமும் யார்டு வாடகையும் அதன் உரிமையாளர் தலைவலி.