அமுக்க அறையும் செவியும்

காற்றின் அமுக்கத்தை மிகுத்து அதனிடையே பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்யும் சிகிச்சை இந்நாளிற் பல பெரிய மருத்துவசாலைகளில் நடைபெறுகின்றது. கார்பன் மோனாக்சைடு நஞ்சேறியோர்க்கும், நீரிழிவினாற் காற்புண் ஆறாதோர் சிலர்க்கும் இஃது அளிக்கப்படுகின்றது. அவ்வறையினின்று வெளிவருவோர் சிலர், "காது அடைத்தது, தலை சுற்றியது" என்பர். நோய் தீர்க்க வந்த காற்றுச் செவியை வருத்துவது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

செவிப்பறைக்கு அப்பால் நடுச்செவி என்னும் சிற்றறை உளது. மூக்கின் பின்புறத்தோடு அதனை இணைக்கும் குழலே அதிலுள்ள காற்றுக்கு வாயில். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலிய வைத்தியர் யூஸ்டேக்கி இதனை விவரித்தமையின் அவர் பெயரே அதற்கு வழங்குகின்றது. வழக்கமாக மூடிக் கிடக்கும் இக்குழல், விழுங்கும்பொழுதும் கொட்டாவி விடும்பொழுதும் சிறிதே திறக்கும். மலைப்பாதையில் இறங்கும் வண்டியிற் காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் விடுபட்டதை நம்மிற் பலர் அறிவோம்.

1662ஆம் ஆண்டில் பாயில் வெளியிட்ட விதியின்படி, அமுக்கம் இருமடங்காயின் காற்றின் கனவளவு பாதியாகும். சிகிச்சையறையின் அமுக்கம் பெரும்பாலும் வெளியமுக்கத்தைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. ஒன்று இரண்டாகும்போது நடுச்செவிக் காற்றுப் பாதியாகச் சுருங்க முயலும். இரண்டு மூன்றாகும்போது எஞ்சியதில் மூன்றிலொரு பங்கே குறையும். ஆகவே துன்பம் தொடக்கத்திலேயே மிகுதி. குழல் திறவாவிடிற் செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்பட்டு நோகும். அமுக்க வேறுபாடு பாதரச அளவில் ஏறக்குறைய 90 மில்லிமீட்டரை எட்டினால், தசைகள் முயன்றாலும் குழல் திறவாது. அந்நிலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வன்மையாக ஊதுதல் தகாது. உட்செவியின் மென்சவ்வே கிழிந்துவிடக்கூடும். வலி தோன்றுமுன்னரே அடிக்கடி விழுங்குதலும், வலித்தால் உடனே அறையை நடத்துவோரிடம் கூறி அமுக்கம் ஏறுவதை நிறுத்தச் செய்தலுமே முறை. பொறுமையைக் காட்டுதற்கு இஃது இடமன்று.

தலைசுற்றல் வேறு வழியில் வருவது. உட்செவியில் நீர் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை மூளைக்கு அறிவிக்கின்றன. அமுக்கம் இறங்கும்போது ஒரு செவியின் காற்று எளிதில் வெளியேற, மற்றைச் செவியினது தாமதித்தால், இருபுறச் செய்தியும் மாறுபடும். அசையாதிருப்பவனுக்கு அறையே சுழல்வதாகத் தோன்றும். 1965இல் லுண்ட்கிரென் என்பார் நீரில் மூழ்குவோரிடம் இதனை ஆராய்ந்து விவரித்தார். பெரும்பாலும் சில நிமிடங்களுள் அடங்கிவிடும். அடங்காது நீடித்து, இரைச்சலும் கேள்விக் குறைவும் உடன் சேருமாயின், அஃது உட்செவி சேதமுற்றதன் குறியாகலாம். அத்தகைய சேதம் அரிதே. எனினும் நேர்ந்தால் ஒரு நாளும் தாழ்த்தாது செவி வைத்தியரை நாடல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. மிகையான அமுக்கத்திற் பிராணவாயுவே நரம்புகட்கு நஞ்சாதலைப் பால் பெர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1878இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அமுக்கம் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும்போது தலை சுற்றினால், செவியின்மேற் பழியைப் போட்டு வாளாவிருத்தல் கூடாது. அது வலிப்பின் முன்னறிகுறியாதலும் கூடும். இதன்பொருட்டே பல இடங்களில் இடையிடையே முகமூடியை நீக்கிச் சாதாரணக் காற்றைச் சுவாசிக்க விடுகின்றனர்.

ஜலதோஷத்தால் மூக்கு அடைத்த நாளிற் சிகிச்சையைத் தள்ளிவைத்தல் வழக்கம். தாமே குழலைத் திறக்க மாட்டாத குழந்தைகட்கும் நினைவற்றோர்க்கும் செவிப்பறையிற் சிறு துளையிட்டு நுண்குழாய் பொருத்திய பின்னரே அறையினுள் அனுப்புதலும் உண்டு.