பெற்றோர்ப் பேணலும் மக்களாட்சியும்

கேள்வி: கன்பூசியஸ் வலியுறுத்திய பெற்றோர்ப் பேணலை மக்களாட்சி அரசு சட்டமாக்கலாமா? (வாசகர், டோர்வல், மொன்றியல்)

பதில்: ஆக்கலாம், ஆனால் வரம்போடு. கன்பூசிய நெறியை 1980-களில் பள்ளிப் பாடமாக்கிய சிங்கப்பூர், 1995-இல் நிறைவேற்றிய பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்வழி, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத 60 வயது நிறைந்த பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்தை நாட வகைசெய்தது. பிள்ளையைக் கைவிட்ட அல்லது கொடுமைப்படுத்திய பெற்றோரின் கோரிக்கையைத் தீர்ப்பாயம் தள்ளுபடி செய்யலாம் என்னும் விதியே அதன் சிறப்பு. ஏனெனில், மூத்தோருக்குக் கேள்வியின்றி அடங்குதலை அது, தனிமனித உரிமையை முதன்மையாகக் கொள்ளும் தாராளவாதமும் ஏற்கத்தக்க பரஸ்பரக் கடமையாக மாற்றுகிறது. ஆட்சியாளரைத் தந்தையாகக் கருதிக் குடிமக்கள் பணியவேண்டும் என்று பெற்றோர்ப் பேணலை நீட்டுவதோ முற்றிலும் தவறு. கன்பூசிய மரபில் வளராத, டோர்வல் அடங்கிய கியூபெக்கின் குடியியல் சட்டக்கோவையும், தன் 585-ஆம் பிரிவில், பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் தாங்கவேண்டும் என்று விதிப்பதால், இக்கடமை டோர்வல் குடும்பங்களுக்கும் உரியதே.