ஆளில்லாத அலை தேடும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அறுகம்பையில் ஓர் அலைக்குப் பத்துப் பேர் பாய்கிறார்கள், ஆள் குறைந்த இடமாக ஒன்று சொல்லுங்கள் அக்கா என்று எழுதியிருந்தாய். பெயர் சொல்வது பெரிய வேலையில்லை. தெற்கே எலிபன்ட் றொக், பீனட் ஃபாம், பாணமை, உகந்தை. வடக்கே பொத்துவில் பொயின்ற், விஸ்கி பொயின்ற், லைட்ஹவுஸ் பொயின்ற். பொத்துவிலில் எந்த ஓட்டோக்காரரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். எல்லோருக்கும் சொல்வதால்தான் ஓகஸ்டில் அங்கேயும் பலகைகள் நெருக்கியடிக்கின்றன.

அலை ஏன் அந்த மூலையில் கூடுகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள். மே தொடக்கம் ஒக்ரோபர் வரை, இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் அடிக்கும் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடிவந்து நமது தீவின் தென்கிழக்கு மூலையில் மோதுகின்றன. அங்குள்ள முனைகளைச் சுற்றி வளைவதால் நீளமாக, ஒழுங்காக உடைகின்றன. 2019 செப்டெம்பரில் அறுகம்பை மெயின் பொயின்ற்றில் சர்வதேச சேர்ஃப் போட்டி நடத்தியதும் இதை நம்பித்தான். வடக்கே சங்கமன்கண்டி முனை இருக்கிறதே, இலங்கையின் கிழக்கு எல்லை அதுதான். அதைத் தாண்டியதும் கரை வடமேற்காகத் திரும்பிவிடுகிறது. தெற்கிலிருந்து வரும் அலை அதற்கப்பால் வளைந்து வளைந்துதான் போகவேண்டும். போகப் போக வலு குறையும். ஆடி மாதத்தில் பாசிக்குடாவில் குழந்தைகள் பயமில்லாமல் குளிப்பதும், நிலாவெளிக் கடல் சோம்பிக் கிடப்பதும் இதனாலும்தான்.

ஆகவே உன் ஊரான திருகோணமலைக் கரையில் ஆளில்லை என்றால், பெரும்பாலான நாட்களில் அலையும் இல்லை என்றே எடுத்துக்கொள். பாலையூற்றுக்குக் கிட்ட இருக்கும் உட்துறைமுகமோ நாலு பக்கமும் நிலம் அணைத்த நீர். கப்பல்களுக்குப் பிடித்த அந்த அமைதி நமக்கு உதவாது. கடற்படைக்குரிய பகுதிகளும் அங்கே உண்டு.

ஆனால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கடல் முன்னறிவிப்பைத் திறந்ததும் எல்லோரும் அலையின் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். நீ ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலுள்ள செக்கனைப் பார். இடைவெளி நீண்ட அலைதான் முனையைச் சுற்றி அதிகம் வளையும். 14, 15 செக்கன் என்று காட்டும் நாட்களில் உப்புவெளி, நிலாவெளி மணல்திட்டுகளைப் போய்ப் பார். பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்காதே. ஆனால் எழுந்து நின்று பழகச் சின்ன அலை போதும். புறாத்தீவுப் பக்கம் மட்டும் போகவேண்டாம்; அது தேசியப் பூங்கா, பவளப்பாறை.

கச்சான் காற்றையும் கவனி. அது கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலையின் முகம் வழுவழுவென்று இருக்கும், கடல் சாதுவாகத் தெரியும். அதே காற்றுத்தான் உன்னைப் பலகையோடு வெளியே தள்ளும். ஆளில்லாத கரையில் அதைக் கண்டு சத்தம் போட யாரும் இருக்கமாட்டார்கள். வாடை தொடங்கினால் கதை வேறு. உப்புவெளியில் பெரிய அலை வரும்தான். ஆனால் காற்றுக் கலைத்த அலை, இழுவையும் கூட. வெள்ளை நுரைக்கு நடுவே நுரையில்லாமல் அமைதியாகத் தெரியும் கால்வாய்தான் ஆளை வெளியே கொண்டுபோகும் இடம். அந்த மாதங்களில் வெலிகமவுக்கோ ஹிக்கடுவைக்கோ போவதுதான் புத்தி.

என்னைக் கேட்டால் இடத்தை மாற்றுவதற்கு முன் நேரத்தை மாற்று என்பேன். ஜூலை, ஓகஸ்டை விட்டு மே முற்பகுதியில் வா. விருந்தினர் விடுதிகள் காலைச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கும்போது நீ தண்ணீரை விட்டு ஏறிவிட்டிருக்கவேண்டும். விடியற்புறம் காற்றும் குறைவு, ஆளும் குறைவு.

அப்படியும் புதுக்கரை தேடிப் போனால், முதலில் மீனவர் வாடியில் இருப்பவர்களிடம் கேள். நீ வெறுங்கரை என்று நினைப்பது யாரோ ஒருவரின் கரைவலைப் பாடு. வள்ளம் வலையை வெளியே வளைத்துப் போட்டுவிட்டு வரும். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து, பாட்டுக்குக் கால் மாற்றி, ஆண்கள் பின்பக்கமாக நடந்து இழுப்பார்கள். மடி கரைக்கு வருவதற்கு மணிக்கணக்காகும். அந்த வளைவுக்குள் பலகையோடு இறங்கினால் மீன் கலையும், அன்றைய சோறு போகும். ஐயா, வலை எப்போது ஏறும் என்று கேட்டுவிட்டுக் காத்திரு. எங்கே பாறை, எங்கே இழுவை என்று எந்தச் செயலியும் சொல்லாததை அவர்களே சொல்வார்கள்.

உகந்தை உனக்குப் புதிதில்லை. கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் காட்டுக்குள் இறங்குமுன் தங்கும் முருகன் கோயிலடி. அந்தத் தெருவில் பொழுது சாய்ந்தால் யானை நிற்கும். களப்புகளில் கால் கழுவாதே. 2017இல் எலிபன்ட் றொக் பக்கத்துக் களப்பில் ஒரு பிரித்தானியப் பத்திரிகையாளரை முதலை கொன்றது.

இனி, நீ கடிதத்தில் எழுதாமல் விட்டது. கூட்டம் என்று நீ சொல்வதில் பாதி, கரையில் நின்று பார்க்கும் கண்கள் என்று நினைக்கிறேன். நனைந்த உடுப்போடு கரையேறும் பெண்ணுக்கு அது விளங்கும். அதற்காக ஆளில்லாத கடற்கரைக்குத் தனியே போவது மருந்தல்ல. அங்கே வரும் ஒரு சோடிக் கண்களை எப்படிச் சமாளிப்பாய்? அறுகம்பைப் பெண்கள் 2018இல் தங்களுக்கென்று ஒரு சேர்ஃப் கழகம் தொடங்கினார்கள், நாட்டிலேயே முதலாவது பெண்கள் கழகம். அவர்கள் ஒளிந்துகொள்ள இடம் தேடவில்லை. சேர்ந்து இறங்கினார்கள். ஊர்ச் சனம் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டது. கூட்டத்தில் பழகுவதில் இன்னொரு நன்மையும் உண்டு: அலை உடையும் முனைக்குக் கிட்ட இருப்பவருக்கே அலை என்ற முறையை அங்கேதான் படிக்கலாம். அது தெரியாமல் சின்னக் கரைக்குப் போய் உள்ளூர்ப் பொடியனின் அலையைப் பறிப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து மே பிறந்ததும் மட்டக்களப்பு பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து பொத்துவிலுக்கு மாறி ஏறு. 200 கிலோமீற்றருக்கு மேல், நாள் முழுக்கப் போய்விடும். உன்னோடு நீந்தத் தெரிந்த ஒரு சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு வா. அவளுக்குப் பலகை நான் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
பொத்துவில் அக்கா