மூன்று குமிழா, ஏழு ஸ்லைடரா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்திலிருந்து முதல் கிட்டார் ஆம்ப் வாங்கக் கிளம்புகிறவர்களுக்குக் கடையில் ஒரு சபலம் வரும். ஒரு பெட்டியில் பேஸ், மிட், ட்ரெபிள் என்று மூன்றே குமிழ்கள். பக்கத்துப் பெட்டியில் ஸ்லைடர்கள் வரிசை கட்டி நிற்கும். பார்வைக்கு இரண்டாவதுதான் விஷயமுள்ளது போலத் தோன்றும். ஆனால் எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் குமிழ்கள். மூன்றையும் 5-இல் வைத்தால் ஒலி சமமாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஃபெண்டர் வழிவந்த ஆம்ப்களில் அது உண்மையில்லை. அந்தக் குமிழ்களின் மின்சுற்றுக்குக் குறைக்க மட்டுமே தெரியும், கூட்டத் தெரியாது. எல்லாம் 5-இல் இருக்கும்போதே 400, 500 ஹெர்ட்ஸ் வட்டாரம் பள்ளமாகக் கிடக்கும். ஓரளவு சமமான ஒலி வேண்டுமானால் மிட்டை முழுக்கத் திறந்து, மற்ற இரண்டையும் நன்றாக இறக்க வேண்டும். லண்டனில் 1962-இல் வந்த மார்ஷலின் முதல் ஆம்ப்பும் ஃபெண்டர் பேஸ்மேனைப் பார்த்துச் செய்ததுதான் என்பதால் அங்கேயும் ஏறக்குறைய இதே கதை. தவிர, இந்தக் குமிழ்கள் ஒன்றையொன்று இழுக்கும். ட்ரெபிளைத் திருப்பினால் மிட்டின் குணமும் மாறும். டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் சிலவற்றில் மட்டும் நடுவில் வைத்தால் சமம். எது எந்த ரகம் என்பதைத் திருப்பிக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஸ்லைடர் நடுவில் நின்றால் எதையும் தொடாது. மேலே தள்ளினால் கூட்டும், கீழே இழுத்தால் குறைக்கும். பாஸ் நிறுவனத்தின் ஜிஇ-7 பெடலில் 100 முதல் 6400 ஹெர்ட்ஸ் வரை ஏழு ஸ்லைடர்கள், ஒவ்வொன்றும் 15 டெசிபல் மேலும் கீழும் போகும். 15 டெசிபல் என்றால் அந்தப் பகுதியின் மின்னழுத்தம் ஐந்து மடங்குக்கும் மேல். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுச் சின்ன ஆம்ப் கரகரக்கிறது என்று புலம்பிப் பயனில்லை. கடைசி 6400-ஐ ஏற்றுவதிலும் லாபம் குறைவு. பெரும்பாலான கிட்டார் ஸ்பீக்கர்கள் 5000 ஹெர்ட்ஸ் தாண்டினாலே சரிந்துவிடும் என்பதால் கூடுவது இரைச்சல்தான்.

இரண்டு ஓரங்களையும் ஏற்றி நடுவைப் பள்ளமாக்குவது இளைஞர்களுக்குப் பிடித்த அமைப்பு. வீட்டில், சின்ன சத்தத்தில், அது உண்மையிலேயே நன்றாக இருக்கும். சத்தம் குறையும்போது நம் காது பேஸையும் ட்ரெபிளையும் சரியாகப் பிடிப்பதில்லை. ஆனால் மேடையில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். தடித்த ஈ கம்பியின் திறந்த ஸ்வரம் 82 ஹெர்ட்ஸ், மெல்லிய ஈ கம்பியின் 12-ஆம் கட்டை 659 ஹெர்ட்ஸ். நாம் வாசிக்கும் மெலடியில் பெரும்பகுதி இந்த எல்லைக்குள்தான் நடக்கிறது. ஐஐடி மெட்ராஸில் கப்பல் கட்டுமானம் படித்த பிரசன்னாவைப் போல எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆசை இருந்தால் மிட்டில் கஞ்சத்தனமே கூடாது.

ஸ்லைடர்கள் தங்கள் விலைக்கு வேலை செய்யும் இடம் சர்ச்சும் கல்யாண மண்டபமும். கொயரில் பிக்கப் வைத்த அக்கூஸ்டிக் கிட்டார் திடீரென்று கூவினால், பல சமயம் 100 அல்லது 200 ஹெர்ட்ஸ் பக்கம் அதன் உடல் அதிர்வதுதான் காரணம். அந்த ஒரு ஸ்லைடரை மட்டும் இறக்கினால் கூவல் அடங்கும், கிட்டாரின் குரல் கெடாது. பேஸ் குமிழைத் திருப்பினால் கிட்டாரே மெலிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆம்ப் உறுமுவது பெரும்பாலும் 50-லோ 100-லோதான். அதை ஸ்லைடரால் மறைக்கப் பார்க்காதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உறுமல் போகும் என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது உயிருக்கே ஆபத்து.

வீட்டுப் பயிற்சிக்கும் சின்ன பேண்டுக்கும், மிட் குமிழ் தனியாக உள்ள மூன்று குமிழ் ஆம்ப் போதும். பேஸ், ட்ரெபிள் மட்டும் வைத்த பெட்டியைத் தவிர்த்துவிடலாம். மண்டபம் மண்டபமாக வாசிக்கும் நாள் வந்தால் ஸ்லைடர்கள் உள்ள ஈக்யூ பெடல் ஒன்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆம்ப் மாறினாலும் அது கூடவே வரும். ரயிலேறி அண்ணா சாலை மியூசி மியூசிக்கலுக்குப் போனாலும், உள்ளூர்க் கடைக்கே போனாலும், உங்கள் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போங்கள். கடைக்காரரின் கிட்டாரில் கேட்டு ஆம்ப் வாங்காதீர்கள்.